அறை எவ்வளவு குளிரும்

எத்தனை லிட்டர் என்று கேட்டால்
எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.
சிலர் தொட்டியின் நீள அகலத்தைப்
பயணச்சீட்டின் பின்புறம் குறித்தே வருகிறார்கள்.
அடுத்த கேள்விக்குத்தான் பொய்:
இரவில் உங்கள் அறை
எவ்வளவுக்கு இறங்கும்?

லியபாயாவில் நவம்பர்.
கடற்காற்று என் கடைக் கதவை
வாடிக்கையாளர் போலத் திறந்து பார்த்துவிட்டு
எதுவும் வாங்காமல் போகும்.

இல்க்வார்ஸ் சீருடைக் கோட்டோடு வந்தார்,
டிராம் ஓட்டுநர்.
இருபது லிட்டர் தொட்டி.
மாடியில் குடியிருந்த மாணவி
ரீகாவுக்குப் போகும்போது
நீல ஃபைட்டர் ஒன்றை
அரை டப்பி தீனியோடு
அவர் வாசலில் வைத்துவிட்டாளாம்.
"ஹீட்டரை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா."
குற்றம் சொல்லும் குரல் இல்லை.

அறை?
"இருபது இருக்கும்."
கூரை விளக்கில் எழுதியிருப்பதைப்
படிப்பவர் போலச் சொன்னார்.

இருபதுக்கு இருபத்தைந்து வாட் போதும்.
என் நடுவிரல் நீளக் கண்ணாடிக் குழாய்.
லிட்டருக்கு ஒரு வாட், கொஞ்சம் மேலே.
இது பெட்டியில் அச்சிட்ட கணக்கு.
அச்சிடாதது ஒன்று உண்டு:
அறையிலிருந்து நீருக்கு
எத்தனை டிகிரி உயரம் என்பது.
ஹீட்டர் இரவெல்லாம்
அந்த மாடிக்குத்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.
படிகள் அதிகமென்றால்
நடுவிலேயே நின்றுவிடும், மூச்சு வாங்க.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார்.
மீன் அடியில் படுத்தே கிடக்கிறது,
தீனி மிதந்து ஊறிப்போகிறது,
சிவப்பு விளக்கு அணைவதே இல்லை.
"பழுதான சரக்கு" என்று
ஈரத் துண்டில் சுற்றியதை
மேசைமேல் வைத்தார்.

பழுதில்லை.
ஒன்பது நாள் உட்காராமல் உழைத்திருக்கிறது, பாவம்.
நான் எதையும் விளக்கவில்லை.
ஒரு மலிவான தெர்மாமீட்டரைப் பிரித்து நீட்டினேன்.
தொட்டிக்குள் வேண்டாம்,
கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.
விடிந்ததும் பாருங்கள்.

மறுநாள் வந்தபோது
நியான் டெட்ரா எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒரு தாய்க்கும் மகனுக்கும்.
அவர்கள் போகும்வரை
நத்தைத் தொட்டியருகே நின்றார்.
பிறகு தாழ்ந்த குரலில்,
கடன் பாக்கியை ஒப்புக்கொள்வது போல,
"பதிமூன்று."

நகராட்சிக் குழாய் எட்டாத பழைய மரவீடு.
விறகு என்ன விலை விற்கிறதென்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
நீருக்கு இருபத்தைந்து வேண்டும்.
பன்னிரண்டு படிகள்.
அவர் விரல் நேரே நூறு வாட்டுக்குப் போனது.
"பெரிசா வாங்கினா நல்லதுதானே?"
இல்லை.
உள்ளிருக்கும் விசை ஒருநாள் சிக்கிக்கொண்டால்
பெரியது உங்கள் சின்னத் தொட்டியை
விடிவதற்குள் மீன் குழம்பாக்கிவிடும்.
ஐம்பது எடுத்துக்கொள்ளுங்கள், திருகு வைத்தது.
ஃபில்டர் நீர் தள்ளும் பக்கம் கிடையாகப் பொருத்துங்கள்.
நீர் மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்கி
கால் மணி நேரம் ஆறவிடுங்கள்,
சூட்டோடு வெளியே வந்தால் கண்ணாடி விரியும்.
தெர்மாமீட்டர் இன்னொன்று, இது மீனுக்கு.

"மின்சாரம் நிறைய தின்னுமோ?"
உங்கள் மீன் உயிரோடிருக்கும் அளவுக்கு, என்றேன்.
பதில் கொஞ்சம் கடுமையோ என்று
அவர் போன பிறகு தோன்றியது.

டிசம்பர் நடுவில் ஒரு மாலை,
பாலத்தருகே நிறுத்தத்தில் நிற்கிறேன்.
வந்து நின்ற டிராமின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அவர்.
கையுறையைக் கழற்றினார்.
ஒரு விரல்.
பிறகு ஐந்து விரலும்.
பிறகு இன்னொன்று.
ஏறும்போது கேட்டேன், பதினாறா?
"மீனுக்காக" என்றார்
கதவை மூடிக்கொண்டே.

ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
ஒன்பது படிகள்.
அவர் திருப்பித் தந்த இருபத்தைந்து வாட்
இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அதுவே போதும்.
ஆனால் ஜனவரி
இன்னும் வரவில்லை.